கடைமடைக்கு வராத தண்ணீர்: பிரீமியர் லீக் ரசிகர்கள் பேச வேண்டிய இன்னொரு பாயின்ட்ஸ் டேபிள்

சனிக்கிழமை இரவு 7.30 மணி. இங்கிலாந்தில் அப்போது பிற்பகல் 3 மணி. பிரீமியர் லீக்கில் ஒரே நேரத்தில் பல மேட்ச்கள் தொடங்கும். அதில் ஒன்றை அதிராம்பட்டினத்தில் இருக்கும் ஒரு ரசிகர் போனில் லைவாகப் பார்க்கலாம். அதே மேட்சை லண்டனில் இருக்கும் ரசிகர் டிவியில் பார்க்க முடியாது. டிக்கெட் கிடைத்தால் ஸ்டேடியத்துக்குப் போகலாம். இல்லையென்றால் ஸ்கோர் மட்டும்தான்.

கேட்க விசித்திரமாக இருக்கும். ஆனால் இது பல பத்தாண்டுகளாக நடைமுறையில் இருக்கும் விதி. சனிக்கிழமை பிற்பகல் 2.45 முதல் 5.15 வரை பிரிட்டனில் எந்தக் கால்பந்துப் போட்டியையும் டிவியில் நேரலையாகக் காட்டக்கூடாது. 1960களில் பர்ன்லி கிளப்பின் தலைவராக இருந்த பாப் லார்ட் இதற்காக வாதாடி, மற்ற கிளப்களையும் சம்மதிக்க வைத்தார். அவர் சொன்ன காரணம் எளிமையானது. பெரிய டீம் விளையாடுவதை வீட்டில் உட்கார்ந்து பார்க்க முடிந்தால், பக்கத்துத் தெருவில் இருக்கும் மூன்றாம், நான்காம் டிவிஷன் கிளப்பின் மைதானத்துக்கு யார் போவார்கள்?

மேலே இருப்பவர்களின் வெளிச்சம் கீழே இருப்பவர்களை அழித்துவிடக்கூடாது என்பதற்காகத் தங்கள் ஊரிலேயே டிவியை அணைத்து வைத்திருக்கிறார்கள். பிரீமியர் லீக் ஏன் இவ்வளவு சுவாரசியமாக இருக்கிறது என்ற கேள்விக்கான பதிலில் ஒரு பகுதி இந்த விதிக்குள் இருக்கிறது. அதே லீக்கைக் கண் விழித்துப் பார்க்கும் ஊர்களில் உள்ளூர்க் கால்பந்து ஏன் வளராமல் நிற்கிறது என்பதற்கான பதிலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

2025-26 சீசன் ஒரு வெள்ளிக்கிழமை தொடங்கியது. ஆன்ஃபீல்டில் லிவர்பூலும் போர்ன்மவுத்தும் மோதிய முதல் மேட்ச், இந்திய நேரப்படி 2025 ஆகஸ்ட் 16 அதிகாலை 12.30 மணிக்கு. அதற்கு முந்தைய சீசனை ஒருமுறை பேசி முடித்துவிடலாம்.

2024-25 சீசனில் என்னதான் நடந்தது?

2024-25 சீசன், விவாதிக்கப் பிறந்த சீசன். யூர்கன் கிளாப் போன பிறகு லிவர்பூல் என்ன ஆகுமோ என்று பயந்தவர்களுக்கு, ஆர்ன ஸ்லாட் முதல் வருடத்திலேயே கோப்பையைக் கையில் கொடுத்தார். ஏப்ரல் 27 அன்று டாட்டன்ஹாமை 5-1 என்று வீழ்த்தியபோது, இன்னும் நான்கு மேட்ச் பாக்கி. மொத்தம் 84 புள்ளிகள். மான்செஸ்டர் யுனைடெட் வைத்திருந்த 20 லீக் பட்டங்கள் என்ற கணக்கை லிவர்பூலும் தொட்டுவிட்டது. முகமது சலா 29 கோல் அடித்து, 18 கோலுக்கு பாஸ் கொடுத்தார். ஃபேன்டசி பிரீமியர் லீக்கில் அவர் ஒருவர் மட்டும் எடுத்த 344 பாயின்ட், அதுவரை யாரும் எட்டாதது. அவரை கேப்டனாகப் போடாமல் விட்டவர்கள் வாட்ஸ்அப் குரூப்பில் வாங்கிய கிண்டலுக்குக் கணக்கே கிடையாது.

அந்த மகிழ்ச்சியை லிவர்பூல் ரசிகர்களால் முழுதாகக் கொண்டாட முடியவில்லை. 2025 ஜூலை 3 அன்று ஸ்பெயினில் நடந்த கார் விபத்தில் டியோகோ ஜோட்டாவும் அவருடைய தம்பியும் இறந்துபோனார்கள். ஜோட்டாவின் 20ஆம் எண் ஜெர்சிக்கு கிளப் நிரந்தர ஓய்வு கொடுத்துவிட்டது.

ஆர்சனல் தொடர்ந்து மூன்றாவது முறையாக இரண்டாம் இடம். யுனைடெட் 42 புள்ளிகளோடு 15வது இடம். 1973-74இல் தரமிறக்கப்பட்ட பிறகு அந்த கிளப்புக்கு இவ்வளவு மோசமான லீக் சீசன் வந்ததில்லை. "என்ன காக்கா, உங்க யுனைடெட்டக் காணோம்?" என்று இளசுகள் சீண்ட, ஃபெர்குசன் காலத்தில் ரசிகரான காக்காமார்கள் "13 கப்பு எங்ககிட்ட இருக்கு தம்பி" என்று பழைய கணக்கைத்தான் எடுத்துக் காட்ட வேண்டியிருந்தது.

டாட்டன்ஹாம் கதை இன்னும் விநோதம். 38 மேட்சில் 22 தோல்வி. 17வது இடம். ஒரு படி கீழே போனால் தரமிறக்கம். ஆனால் மே 21 அன்று பில்பாவோவில் யுனைடெட்டை 1-0 என்று தோற்கடித்து யூரோப்பா லீக் கோப்பையை வென்றார்கள். 17 வருடத்தில் முதல் கோப்பை. அதன் மூலம் சாம்பியன்ஸ் லீக்குக்கே போய்விட்டார்கள். கோப்பை வாங்கிக் கொடுத்த கோச் ஆஞ்சே போஸ்டகோக்லுவுக்கு 16 நாளில் வேலை போனது.

நியூகாசிலுக்கு 70 வருடங்களில் முதல் உள்நாட்டுக் கோப்பை. கிரிஸ்டல் பேலஸுக்கு அதன் வரலாற்றிலேயே முதல் பெரிய கோப்பை. கடைசி நாளான மே 25 அன்று மூன்று சாம்பியன்ஸ் லீக் இடங்களுக்கு ஐந்து டீம்கள் அடித்துக்கொண்டன. நியூகாசிலும் ஆஸ்டன் வில்லாவும் தலா 66 புள்ளிகள். கோல் வித்தியாசத்தில் நியூகாசில் உள்ளே, வில்லா வெளியே.

ஒரு மேட்சுக்கு எங்கிருந்து அர்த்தம் வருகிறது?

மேலே சொன்னதில் ஒரு விஷயத்தைக் கவனிக்கலாம். கோப்பை யாருக்கு என்பது ஏப்ரலிலேயே முடிந்துவிட்டது. ஆனாலும் மே கடைசி வரை ரசிகர்கள் போனைக் கீழே வைக்கவில்லை. காரணம், இந்த லீக்கில் முதலிடம் மட்டும் பரிசு கிடையாது. மேலே ஐரோப்பாவுக்கு ஒரு கதவு. கீழே தரமிறக்கத்துக்கு ஒரு கதவு. 20 டீம், 380 மேட்ச். கடைசி மூன்று டீம்கள் இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கும். அங்கிருந்து மூன்று டீம்கள் மேலே ஏறும். இதேபோல் அடுத்த டிவிஷன், அதற்கும் அடுத்த டிவிஷன். முதல் நான்கு அடுக்கில் மட்டும் 92 கிளப்கள். அதற்குக் கீழேயும் ஏணி நீள்கிறது.

இந்த ஏணியில் ஏறி வந்த டீம்களில் சமீபத்திய நல்ல உதாரணம் லூட்டன் டவுன். 2008-09 சீசனில் 30 புள்ளிகள் அபராதம் விதிக்கப்பட்டு, நான்காம் அடுக்கில் இருந்தும் கீழே விழுந்தது அந்த கிளப். ஐந்து வருடம் அங்கேயே கிடந்தது. 2014இல் மேலே வந்தது. 2018, 2019 என்று அடுத்தடுத்து ஏறி, 2023இல் பிரீமியர் லீக்கையே எட்டிவிட்டது. அதன் மைதானத்தில் சுமார் 12 ஆயிரம் பேர்தான் உட்கார முடியும். வெளியூர் ரசிகர்கள் உள்ளே போகும் ஒரு வாசல், வரிசை வீடுகளுக்கு நடுவே, கொல்லைப்புறத் துணிக்கொடிகளைப் பார்த்தபடி ஏறும் படிக்கட்டு. ஐந்தாம் அடுக்கில் இருந்தபோது டீமில் சேர்ந்த பெல்லி-ரடாக் எம்பான்ஸு என்ற வீரர், அதே சட்டையோடு பிரீமியர் லீக்கிலும் ஆடினார்.

ஏற்றம் இருந்தால் இறக்கமும் உண்டு. 2024இல் லூட்டன் இறங்கியது. 2025இல் இன்னொரு படியும் இறங்கி, மூன்றாம் அடுக்குக்குப் போனது. ஆனாலும் கிளப் இருக்கிறது, மைதானம் இருக்கிறது, ரசிகர் இருக்கிறார். மறுபடி ஏற ஏணியும் அங்கேயேதான் இருக்கிறது.

பணம் எப்படிப் பங்கு பிரிக்கப்படுகிறது?

டெல்டாக்காரர்களுக்கு இதைப் புரியவைக்க ரொம்ப மெனக்கெட வேண்டியதில்லை. ஜூன் 12 அன்று மேட்டூரில் திறக்கும் தண்ணீர், கல்லணையைத் தாண்டி, புதுஆறு வழியாகப் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்துக் கடைமடைக்கு என்றைக்கு வந்து சேரும் என்பது இந்தப் பகுதியில் வருடா வருடம் கேட்கப்படும் கேள்வி. அணை நிரம்பினால் மட்டும் போதாது. வாய்க்கால் தூர்வாரி இருக்க வேண்டும். முறை வைத்து விட வேண்டும். தலைமடைக்காரர் மதகை அடைத்துக்கொண்டால் கடைமடை வயலில் நாற்று கருகும்.

பிரீமியர் லீக்கின் டிவி பணத்துக்கும் முறை இருக்கிறது. உள்நாட்டு ஒளிபரப்புப் பணத்தில் பாதி, 20 கிளப்களுக்கும் சமமாகப் போகும். கால் பங்கு, பட்டியலில் பிடித்த இடத்தைப் பொறுத்தது. இன்னொரு கால் பங்கு, எத்தனை மேட்ச் டிவியில் காட்டப்பட்டது என்பதைப் பொறுத்தது. வெளிநாட்டு உரிமைப் பணத்தில் பெரும்பகுதியும் சமப் பங்குதான்.

இதன் விளைவை 2024-25 சீசனிலேயே பார்க்கலாம். சாம்பியன் லிவர்பூலுக்கு லீக் கொடுத்தது சுமார் 17.5 கோடி பவுண்டு. வெறும் 12 புள்ளிகள் எடுத்து, ஏழு மேட்ச் பாக்கி இருக்கும்போதே தரமிறங்கி, கடைசி இடத்தில் முடித்த சவுத்தாம்ப்டனுக்கு சுமார் 10.9 கோடி பவுண்டு. அதாவது முதலிடம் 16 ரூபாய் வாங்கினால் கடைசி இடத்துக்கு 10 ரூபாய். தரமிறங்கும் டீம் ஒரே நாளில் நொடித்துவிடாமல் இருக்க, அடுத்த சில வருடங்களுக்குக் குறைந்துகொண்டே வரும் 'பாராசூட்' பணமும் உண்டு.

அதிராம்பட்டினத்தில் ஒருவர் கட்டும் ஆப் சந்தாவின் ஒரு துளி, இப்படித்தான் போர்ன்மவுத்துக்கும் பிரென்ட்ஃபோர்டுக்கும் போய்ச் சேருகிறது.

அப்போ இங்கிலாந்தில் எல்லாமே சரியா?

இல்லை. ஏணியில் படிகள் உடைய ஆரம்பித்துவிட்டன. 2023-24இல் புதிதாக ஏறி வந்த மூன்று டீமும் அதே வருடம் இறங்கின. 2024-25இலும் அதேதான். லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் மூன்றும் வந்த வழியே திரும்பின. முதல் டிவிஷனுக்கும் இரண்டாம் டிவிஷனுக்கும் இடையிலான பண இடைவெளி அவ்வளவு பெரிதாகிவிட்டது. பாராசூட் பணமே இந்த இடைவெளிக்கு ஒரு காரணம் என்று கீழ் டிவிஷன் கிளப்கள் பல வருடமாகக் குற்றம் சாட்டுகின்றன. இன்னும் கீழே நிலைமை மோசம். 1885இல் தொடங்கிய பரி கிளப், பண நெருக்கடியால் 2019 ஆகஸ்டில் லீக்கில் இருந்தே நீக்கப்பட்டது.

வித்தியாசம் என்னவென்றால், அங்கே ரசிகர்கள் சும்மா இருக்கவில்லை. 2021 ஏப்ரல் 18 அன்று ஆறு இங்கிலாந்து கிளப்கள் உட்பட 12 ஐரோப்பிய கிளப்கள் சேர்ந்து, தாங்களே நிரந்தர உறுப்பினர்களாக இருக்கும் 'சூப்பர் லீக்' ஒன்றை அறிவித்தன. தோற்றாலும் வெளியேற வேண்டாம் என்ற ஏற்பாடு. செல்சீ மைதானத்தின் வாசலில் அந்த கிளப்பின் சொந்த ரசிகர்களே மறியல் செய்தார்கள். இரண்டே நாளில் ஆறு இங்கிலாந்து கிளப்களும் பின்வாங்கின. அந்தக் கோபத்தின் தொடர்ச்சியாக ரசிகர்களை முன்வைத்து ஓர் ஆய்வு நடந்தது. அதன் பலனாக, 2025 ஜூலை 21ஆம் தேதி பிரிட்டனில் கால்பந்து நிர்வாகச் சட்டம் அமலுக்கு ஒப்புதல் பெற்றது. முதல் ஐந்து அடுக்கு கிளப்களின் கணக்கு வழக்கையும் முதலாளிகளையும் கண்காணிக்க, சுயேச்சையான ஒழுங்குமுறை அமைப்புக்கு அந்தச் சட்டம் வழிசெய்தது.

இந்தியாவின் ஏணி எங்கே போனது?

லெஸ்டர் சிட்டி 5000-க்கு 1 என்ற பந்தய விகிதத்தில் 2016இல் சாம்பியன் ஆன கதையை இங்கே எந்த ரசிகரைக் கேட்டாலும் சொல்வார். அடுத்த வருடமே இந்தியாவில் ஒரு லெஸ்டர் நடந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

மிசோரமின் ஐஸ்வால் எஃப்சி, 2015-16 ஐ-லீகில் தரமிறக்கப்பட்ட டீம். மற்ற சில கிளப்கள் விலகியதால் அதற்கு மறுபடி இடம் கிடைத்தது. 2017 ஏப்ரல் 30 அன்று அது இந்தியாவின் சாம்பியன். வடகிழக்கில் இருந்து தேசிய லீக்கை வென்ற முதல் கிளப். ஆனால் அந்த வெற்றி அதை எங்கேயும் கொண்டுபோகவில்லை. 2014இல் தொடங்கிய ஐஎஸ்எல், உரிமக் கட்டணம் கட்டி உள்ளே வரும் மூடிய லீக். அதுவே பின்னர் நாட்டின் முதல் டிவிஷன் ஆனது. ஜெயித்த ஐஸ்வால் இரண்டாம் இடத்து லீகில் நின்றுபோனது.

தமிழ்நாட்டிலும் இதே கதை. கோவையை மையமாக வைத்து ஆடிய சென்னை சிட்டி எஃப்சி, 2018-19இல் ஐ-லீக் சாம்பியன். 2021-22 ஐ-லீக் பட்டியலில் அந்தப் பெயரே இல்லை.

பின்னர் ஏணியின் மேல் பாதியை மட்டும் பொருத்தினார்கள். 2023இல் பஞ்சாப், 2024இல் முகமதன் ஸ்போர்ட்டிங் என்று ஐ-லீக் சாம்பியன்கள் ஐஎஸ்எல்லுக்கு ஏறினார்கள். ஆனால் ஐஎஸ்எல்லில் இருந்து 2024-25 சீசன் வரை எந்த டீமும் இறங்கியதில்லை. கீழே கதவு இல்லாத லீக்கில், பட்டியலின் கடைசி இரண்டு டீம்கள் மோதும் மேட்சை ஒரு ரசிகர் எதற்காகப் பார்க்க வேண்டும்?

2024-25 ஐ-லீக் சாம்பியன் யார் என்பதும் மைதானத்தில் முடிவாகவில்லை. ஏப்ரலில் சீசன் முடிந்தது. தகுதியில்லாத வீரரை ஆடவைத்தது, வீரர் பதிவு விதி என்று வழக்குகள் நீண்டன. ஜூலை 18 அன்று சுவிட்சர்லாந்தில் இருக்கும் விளையாட்டு நடுவர் மன்றம் சொன்ன பிறகுதான் சாம்பியன் இன்டர் காசி என்று தெரிந்தது. இங்கிலாந்திலும் வழக்கு இல்லாமல் இல்லை. எஃப்ஏ கோப்பை வென்ற கிரிஸ்டல் பேலஸை, ஒரே உரிமையாளருக்கு இரண்டு கிளப்பில் பங்கு இருந்ததைக் காட்டி யூரோப்பா லீக்கில் இருந்து கீழே தள்ளியதை இதே மன்றம் 2025 ஆகஸ்டில் உறுதி செய்தது. ஆனால் அங்கே லீக் சாம்பியன் யார் என்று தெரிந்துகொள்ள யாரும் கோர்ட் தீர்ப்புக்குக் காத்திருக்கவில்லை.

இதெல்லாம் போகட்டும், லீக்காவது நடக்குமா என்பதே 2025இல் கேள்வியானது. ஐஎஸ்எல்லை நடத்திய எஃப்எஸ்டிஎல் நிறுவனத்துக்கும் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்துக்கும் இடையிலான 15 வருட ஒப்பந்தம், 2025 டிசம்பர் 8ஆம் தேதி முடிய இருந்தது. சம்மேளனத்தின் விதிமுறைகள் தொடர்பான வழக்கு அப்போது உச்ச நீதிமன்றத்தில் இருந்ததால் புது ஒப்பந்தம் போடப்படவில்லை. 2025 ஜூலை 11 அன்று 2025-26 சீசனை நிறுத்தி வைப்பதாக எஃப்எஸ்டிஎல் தெரிவித்தது. ஆகஸ்டில் பெங்களூரு எஃப்சி, வீரர்களுக்கும் ஊழியர்களுக்கும் சம்பளத்தை நிறுத்தியது. சென்னையின் எஃப்சி, கிளப் செயல்பாடுகளையே தற்காலிகமாக நிறுத்திவிட்டது. இரண்டு முறை ஐஎஸ்எல் சாம்பியன் ஆன தமிழ்நாட்டின் ஒரே டீம் அது. ஃபிஃபா தரவரிசையில் இந்தியா 2025 ஜூலையில் 133வது இடத்துக்குச் சரிந்தது. அணியைத் தூக்கி நிறுத்த ஆகஸ்ட் 1 அன்று புது கோச் நியமிக்கப்பட்டார். அவர் காலித் ஜமீல். 2017இல் ஐஸ்வாலை சாம்பியன் ஆக்கிய அதே கோச்.

தரமிறக்கம் வைத்தால் பணம் போட யாரும் வர மாட்டார்கள் என்பது மூடிய லீக்குக்குச் சொல்லப்பட்ட நியாயம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. இந்தியாவில் கிளப் நடத்துவது நஷ்டம் தரும் தொழில், பணம் போடுபவருக்கு ஒரு உத்தரவாதம் தேவை. ஆனால் பத்து வருடத்துக்கு மேல் கதவை மூடி வைத்த பிறகும் அந்த உத்தரவாதம் கிடைக்கவில்லை என்பதை 2025இன் நிலைமை காட்டியது. மேலே ஒரு கையெழுத்து தாமதமானதும் மொத்த சீசனும் நின்றுவிட்டது. கீழே இருந்து தாங்கிப்பிடிக்க ஏணியும் கிடையாது.

அதிராம்பட்டினத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

நிறைய இருக்கிறது. அதிராம்பட்டினத்துக்குக் கால்பந்து டிவி வழியாக வந்த விளையாட்டு கிடையாது. தஞ்சை மாவட்டத்தின் கடலோரத்தில், 2011 கணக்கெடுப்பின்படி சுமார் 31 ஆயிரம் பேர் வாழும் ஊர் இது. மொத்த ஊரையும் கூட்டிப் போனாலும் யுனைடெட்டின் ஓல்டு டிராஃபோர்டு மைதானத்தில் பாதிகூட நிறையாது. ஆனால் இங்கே வருடா வருடம் கால்பந்துத் தொடர்கள் நடக்கின்றன, வெளியூர் டீம்கள் வந்து ஆடுகின்றன, மைதானத்தைச் சுற்றிக் கூட்டம் நிற்கிறது. வளைகுடாவிலும் மலேசியாவிலும் வேலை பார்க்கும் அதிரைக்காரர்கள், ரூமில் படுத்துக்கொண்டே பிரீமியர் லீக் ஸ்கோரையும் ஊர் மேட்ச் ஸ்கோரையும் அடுத்தடுத்துப் பார்ப்பார்கள். கிரிக்கெட் மட்டுமே விளையாட்டு என்று ஆகிப்போன பல ஊர்களுக்கு நடுவே இது ஒரு அபூர்வம்.

குறை எங்கே என்றால், ஊர்த் தொடர்கள் பெரும்பாலும் நாக்-அவுட். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 16 டீம் கலந்துகொள்ளும் நாக்-அவுட்டில் மொத்தம் 15 மேட்ச். அதில் எட்டு டீம்கள் ஒரே ஒரு மேட்ச் ஆடிவிட்டு மூட்டை கட்டும். கோப்பை வாங்கிய டீமுக்கும் அடுத்த வருடம் மேலே போக ஒரு டிவிஷன் கிடையாது. மறுபடியும் அதே முதல் சுற்று. 17 வயதில் நன்றாக ஆடும் ஒரு பையன், வருடத்தில் எத்தனை போட்டி மேட்ச் ஆடுகிறான் என்று எண்ணினால் ஒரு கை விரலே போதுமாக இருக்கும். காலேஜ் முடிந்ததும் பாஸ்போர்ட் எடுத்துக் கிளம்பிவிடுவான். அவனைக் குறை சொல்ல முடியாது. கால்பந்தில் நிற்க அவனுக்கு அடுத்த படி என்று ஒன்று காட்டப்படவில்லை.

"நல்லா இருக்கிற ஆட்டத்தத்தானே பார்க்க முடியும்? நம்ம லெவல் என்ன, அவங்க லெவல் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. யாரும் பிரீமியர் லீக் பார்ப்பதை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் 2018 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்க்கலாம். மும்பையில் சீன தைபே அணியோடு இந்தியா ஆடிய மேட்சுக்கு வந்தவர்கள் 2,569 பேர். அன்றைய கேப்டன் சுனில் சேத்ரி ஒரு வீடியோ போட்டார். ஐரோப்பிய கிளப்களின் ரசிகர்களைப் பார்த்து, எங்கள் தரம் அவ்வளவு இல்லை என்பது தெரியும், திட்டுவதற்காகவாவது மைதானத்துக்கு வாருங்கள் என்ற பொருளில் பேசினார். அடுத்த மேட்சுக்கு டிக்கெட் தீர்ந்துபோனது. கூட்டம் சேரும் என்பது நிரூபணமானது. அந்தக் கூட்டத்தைத் தொடர்ந்து வரவைக்கும் ஏற்பாடுதான் பிறகு நடக்கவில்லை.

ரசிகர்கள் என்ன செய்ய முடியும்?

முதல் வேலை, நாக்-அவுட்டோடு ஒரு லீக்கையும் சேர்ப்பது. கோப்பைத் தொடர்கள் ஊரின் திருவிழா. அதை யாரும் கைவிட வேண்டாம். ஆனால் அதே 16 டீம்களை எட்டு எட்டாக இரண்டு டிவிஷனாகப் பிரித்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு டிவிஷனிலும் எல்லோரும் எல்லோரோடும் ஒருமுறை ஆடினால் 28 மேட்ச். இரண்டுக்கும் சேர்த்து 56. வாரக் கடைசியில் நான்கு மேட்ச் வைத்தால் 14 வாரத்தில் முடிந்துவிடும். ஒவ்வொரு டீமுக்கும் ஒரு மேட்சுக்குப் பதில் ஏழு மேட்ச் உறுதி. மேல் டிவிஷனில் கடைசி இரண்டு டீம் இறங்கும், கீழ் டிவிஷனில் முதல் இரண்டு டீம் ஏறும். அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, மதுக்கூர், முத்துப்பேட்டை, மல்லிப்பட்டினம் என்று பக்கத்து ஊர்களைச் சேர்த்தால் பயணச் செலவும் கையைக் கடிக்காது.

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மைதானம் காய்ந்த பிறகு ஜனவரியில் தொடங்கலாம். ரமலானுக்கு இடைவெளி விட்டு மே மாதம் முடிக்கலாம். சாயங்காலம் சீக்கிரமே விசில் ஊதினால் மக்ரிபுக்குள் மேட்ச் முடியும். பிரீமியர் லீக் மேட்ச் எதுவும் தவறாது என்று யாருக்கும் உத்தரவாதம் தர முடியாது. ஆனால் பாப் லார்டின் தர்க்கப்படி, சனிக்கிழமை சாயங்காலம் சில மணி நேரத்துக்கு மொபைலை ஓரம் வைக்க அதிரை ரசிகர்களும் தங்களுக்குள் ஒரு முடிவு எடுக்கலாம்.

இரண்டாவது, பங்கு முறை. நன்கொடையும் ஸ்பான்சர் பணமும் வந்தால், மொத்தத்தையும் சாம்பியனுக்குப் பரிசாகக் கொடுப்பதற்குப் பதில், பாதியை எல்லா டீமுக்கும் சமமாகப் பிரிக்கலாம். பந்து, ஜெர்சி, பயண வேன், முதலுதவி என்று எட்டாம் இடத்து டீமுக்கும் தேவைகள் ஒன்றுதான். பிரீமியர் லீக் இதைத்தான் பல கோடி பவுண்டில் செய்கிறது.

மூன்றாவது, பதிவு. யார் எந்த டீமுக்கு ஆடினார், எத்தனை கோல், எத்தனை மஞ்சள் அட்டை என்ற கணக்கை எழுதி வைக்க வேண்டும். ஃபேன்டசி டீமுக்காக சலாவின் புள்ளிவிவரத்தைத் தலைகீழாகச் சொல்லும் இளைஞர்கள் ஊரில் இருக்கிறார்கள். ஒரு கூகுள் ஷீட் போதும். மாவட்ட, மாநிலச் சங்கத்தின் கதவைத் தட்டும்போது, "எங்க பசங்க நல்லா ஆடுவாங்க" என்று வாயால் சொல்வதைவிட இரண்டு வருடக் கணக்கைக் காட்டுவது எடுபடும்.

நான்காவது, மைதானம். நகராட்சி வார்டுக் கூட்டத்தில் தெருவிளக்கு, குடிநீர்க் குழாய் பற்றிக் கேட்பதுபோல, விளையாட இடம் எங்கே, அதன் பராமரிப்புக்கு என்ன ஒதுக்கீடு என்றும் கேட்க வேண்டும். பெண் பிள்ளைகள் ஆடுவதற்கு எந்த நேரம், எந்த இடம் என்பதையும் அதே கூட்டத்தில் கேட்கலாம்.

டெல்லியில் போட வேண்டிய கையெழுத்தை அதிராம்பட்டினம் ரசிகர்களால் போட முடியாது.  ஐஎஸ்எல்லுக்குத் தரமிறக்கம் வேண்டும், சென்னை லீகுக்கு டெல்டா ஊர்களில் இருந்து ஒரு வழி வேண்டும் என்று குரல் கொடுக்கலாம். ஆனால் அது வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. மேலே மதகு திறக்கும் அன்று வாய்க்கால் தூர்வாரப்படாமல் கிடந்தால் தண்ணீர் வந்தும் பிரயோஜனம் இல்லை என்பது இந்த மண்ணில் எல்லோருக்கும் தெரியும். கடைமடையில் இருப்பவர்கள் தங்கள் பக்கத்து வாய்க்காலை முதலில் வெட்டி வைக்கலாம்.

புது சீசனின் முதல் விசில் ஊதும்போது, அடுத்த மே மாதம் வரைக்கும் பேசுவதற்கு விஷயம் கிடைத்துவிடும். 2025-26 சீசனுக்குப் புதிதாக ஏறி வந்த லீட்ஸ், பர்ன்லி, சண்டர்லேண்ட் மூன்றில் எத்தனை தாக்குப்பிடிக்கும் என்று அப்போது பந்தயம் கட்டினார்கள். அதேபோல, அதிரையில் இரண்டாம் டிவிஷனில் இருந்து முதலில் ஏறப்போகும் டீம் எது என்று பந்தயம் கட்டவும் ஒரு பட்டியல் தயாராக வேண்டும். அதற்கு முதலில் தேவை, 16 டீம்களின் பெயரை எழுதிக்கொள்ள ஒரு நோட்டும், அதை ஒழுங்காக வைத்துக்கொள்ள ஒரு ஆளும்.